ஜிம் பிரௌன்: போற்றுதலும் பூஜையும்

அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் ஈடிணையற்றவர் என்று பெயரெடுத்த தோழர் ஜிம் பிரௌன் அவர்கள் 2023-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தமது 87-வது வயதில் முடிவெய்தினார். அவர் ஆட்டத்தை விட்டு விலகியது 1966-ம் வருஷத்தில். அதாவது, அவர் ஓடியதைக் கண்ணால் கண்டவர்கள் எல்லோரும் இன்று கிழவர்கள். அப்படியிருந்தும், நேரில் பார்த்த கிழவர்களும் பழைய படச்சுருளில் மாத்திரம் பார்த்த வாலிபர்களும் ஒன்றுபோலவே அவருக்காகத் துக்கப்பட்டார்கள்; அவரைப் பற்றிப் பேசிப் பேசி மாளவில்லை.

ஒரு பந்தாட்டக்காரருக்காகத் தலையங்கம் எழுதுவதா என்று சிலர் கேட்கலாம். எழுதத்தான் வேண்டுமென்கிறோம். ஏனென்றால், செத்துப்போன ஒருவரைப் பற்றி உயிரோடிருக்கிற மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக்கொண்டே அந்த மக்களுடைய அறிவையும் மானத்தையும் அளந்துவிடலாம். செத்தவருக்கு நம்முடைய பேச்சால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இருக்கிறவர்களுக்குத்தான் இரண்டும் உண்டு.

முதலில் அந்த ஆட்டம் இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் கால்பந்து என்றாலும் அதில் காலால் உதைப்பது கொஞ்சமே. பந்து முட்டை வடிவமானது. அதைக் கையால் வீசுவார்கள், அல்லது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். பக்கத்துக்கு 11 பேர். கோட்டுக்குக் கோடு 100 கெஜம். பந்து வைத்திருக்கிற கோஷ்டி நான்கு முயற்சிக்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறாவிட்டால் பந்து எதிரி கைக்குப் போய்விடும். இதில் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு ரன்னிங் பேக் என்று பெயர். எதிர்க்கோஷ்டியார் 11 பேருக்கும் அவரைப் பிடித்துத் தரையில் சாய்ப்பதே வேலை. ஆகவே அவர் சம்பாதிக்கிற ஒவ்வொரு கெஜமும் அடிபட்டுச் சம்பாதிக்கிற கெஜம்.

அந்த வேலையைத் தோழர் பிரௌன் 1957 முதல் 1965 வரை ஒன்பது வருஷம் கிளீவ்லாந்து நகரத்துக் கோஷ்டிக்காகச் செய்தார். 118 ஆட்டங்கள், அவற்றில் ஒன்றுக்காவது அவர் வராமலிருந்ததில்லை. 2,359 தடவை பந்தை வாங்கி ஓடி 12,312 கெஜம் சேர்த்தார். ஒன்பது வருஷத்தில் எட்டு வருஷம் ஓட்டத்தில் அவரே முதல். அந்தந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசு 1957, 1958, 1965 ஆகிய மூன்று வருஷங்களில் அவருக்குக் கிடைத்தது. 1964-ல் அவருடைய கோஷ்டி பால்டிமோர் கோஷ்டியை 27-க்கு 0 என்று தோற்கடித்து நாட்டின் முதலிடம் பெற்றது. அதற்குப் பிறகு அந்த நகரத்துக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. அந்த ஊர்க் கிழவர்கள் அவர் பேரைச் சொன்னால் கண் கலங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர் சேர்த்த 12,312 கெஜத்தை 1984-ம் வருஷத்தில் வால்டர் பேட்டன் என்பவர் தாண்டினார். பேட்டனுடைய கணக்கை 2002-ல் எமிட் ஸ்மித் என்பவர் தாண்டி, கடைசியில் 18,355 கெஜத்தில் நிறுத்தினார். அப்படியானால் பிரௌன் எப்படிப் பெரியவர் என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். கிழவர்கள் அதற்குக் கணக்குச் சொல்லிப் பதில் கூறுகிறார்கள். பிரௌன் காலத்தில் வருஷத்துக்கு 12 ஆட்டம், பிறகு 14 ஆட்டம்; ஸ்மித் காலத்தில் 16 ஆட்டம். பிரௌன் ஆடியது ஒன்பது வருஷம். ஸ்மித் ஆடியது 15 வருஷம். மொத்தத்தைப் பார்க்காமல் ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் பிரௌனுக்கு 104.3 கெஜம் வருகிறது. ஆட்ட வாழ்க்கை முழுவதற்கும் சேர்த்து ஆட்டத்துக்கு 100 கெஜத்துக்கு மேல் சராசரி வைத்தவர் அவர் ஒருவரே.

இந்த மாதிரியான தர்க்கத்தைக் கேட்க நமக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது. இங்கே எந்தப் பெரியவரும் “நான் சொல்லுகிறேன், நம்பு” என்று சொல்லவில்லை. எண்ணைக் காட்டு, எடுத்து வை, வகுத்துப் பார் என்கிறார்கள். எதிராளி வேறு எண்ணைக் காட்டினால் கேட்டுக்கொள்ளுகிறார்கள். தன்னுடைய வீரனைவிட இன்னொருவன் அதிகம் ஓடிவிட்டான் என்றால் அதை மதத்துரோகமென்று சொல்லி யாரும் யாரையும் கொளுத்துவதில்லை. புராணக்காரர்கள் தங்கள் தெய்வங்களின் பராக்கிரமத்தை இப்படி முழக்கோல் போட்டு அளக்க ஒரு நாளாவது சம்மதித்திருப்பார்களா?

ஆனால் அபிமானிகள் எல்லோரும் இப்படிப் பேசுவதில்லை. வேறு விதமான பேச்சும் இருக்கிறது. “அவர் மனிதரே அல்ல”, “அது கடவுள் கொடுத்த உடம்பு”, “பிறவியிலேயே அமைந்தது” என்கிற பேச்சு அது. சொல்லுகிறவர்கள் அன்போடுதான் சொல்லுகிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. என்றாலும் அந்த அன்புக்குள்ளே ஒரு விஷம் இருக்கிறது.

கடவுள் கொடுத்த உடம்பு என்றால் பிரௌனுக்கு அதில் என்ன பெருமை? அவர் 1936-ம் வருஷத்தில் ஜார்ஜியா மாகாணத்தைச் சேர்ந்த செயின்ட் சைமன்ஸ் என்கிற தீவில் பிறந்தார். தாயார் நியூயார்க்குக்குப் பக்கத்தில் பிறத்தியார் வீடுகளில் வேலை செய்து பிழைத்தார். பிள்ளை எட்டு வயது வரை பாட்டியிடத்தில் வளர்ந்து, பிறகு தாயாரிடம் போய்ச் சேர்ந்தான். சிரக்யூஸ் சர்வகலாசாலைக்குப் போகிற காலத்தில் அவனுக்கு உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. அவன் படித்த மான்ஹாசெட் ஊரில் ஒரு வக்கீல் பலரிடம் பணம் சேர்த்துத்தான் அவனை அங்கே நிறுத்தினார். அந்தக் காலேஜில் அவனைப் போன்ற கறுப்பு நிறத்தவர் கோஷ்டியில் வேறொருவரும் இல்லை. இவ்வளவையும் தாங்கி, கால்பந்தோடு லாக்ராஸ் என்கிற இன்னொரு ஆட்டத்திலும் நாட்டின் முதல் வரிசைக்கு வந்தான். இதில் கடவுள் எங்கே வந்தார்? பாட்டி வந்தார், தாயார் வந்தார், வக்கீல் வந்தார், பணம் கொடுத்த ஊரார் வந்தார்கள், பிரௌனுடைய உழைப்பு வந்தது. இத்தனை பேருடைய பங்கையும் பிடுங்கி ஆகாயத்துக்குக் கொடுப்பது எந்த நியாயம் என்று கேட்கின்றோம்.

இது மாத்திரமல்ல. கறுப்பு நிறத்தவனைப் பார்த்து “பிறவியிலேயே உடம்பு” என்று சொல்லுகிறவர்கள் அதே மூச்சில் சொல்லாமல் சொல்லுவது “பிறவியிலேயே மூளை இல்லை” என்பதாகும். பிரௌன் ஒவ்வொரு தடவை கீழே விழுந்த பிறகும் மிகவும் மெதுவாக, வலி தாங்காதவர்போல எழுந்து நடப்பார். ஆனால் அடுத்த தடவை பந்து கைக்கு வந்ததும் பழைய வேகத்தில் பாய்வார். எப்பொழுதும் மெதுவாகவே எழுந்தால், உண்மையாகவே அடிபட்ட அன்றைக்கு எதிரிக்கு அது தெரியாது என்பது அவர் போட்ட கணக்கு. இது மூளையின் வேலையா, முழங்காலின் வேலையா?

நாம் சொல்லுவது மிகையல்ல என்பதற்கு ஒரு ருஜு காட்டுகிறோம். இந்த ஆட்டத்தில் தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டு, வயதான காலத்தில் ஞாபகம் தவறி அவஸ்தைப்படுகிற பழைய ஆட்டக்காரர்கள் பலர். அவர்கள் ஆட்டச் சங்கத்தின்மேல் வழக்குப் போட்டு, 2013-ல் ஒரு ராஜி ஏற்பட்டு, நஷ்டஈடு கொடுக்க ஏற்பாடாயிற்று. ஒருவருடைய மூளை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பரீட்சித்து, அந்த அளவுக்குத் தக்கபடி பணம் என்பது திட்டம். அந்தப் பரீட்சையில் டாக்டர்கள் கையாண்ட ஒரு முறை என்ன தெரியுமா? கறுப்பு இனத்தவருடைய மூளைத்திறன் ஆரம்பத்திலேயே வெள்ளையருடையதைவிடக் குறைவு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது! அதாவது, இரண்டு பேர் ஒரே மார்க்கு வாங்கினால் வெள்ளையருக்கு மூளை கெட்டுவிட்டது, பணம் கொடு. கறுப்பருக்கு ஒன்றும் கெடவில்லை, அவருக்கு இருந்ததே இவ்வளவுதான், பணமில்லை. கறுப்பு இன ஆட்டக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய்க் கிளர்ச்சி செய்த பிறகே, 2021-ல் இந்த முறையைக் கைவிடுவதாகச் சங்கத்தார் ஒப்புக்கொண்டார்கள். பிரௌன் ஆடியதற்கு 50 வருஷத்துக்குப் பிறகு, படித்த டாக்டர்களும் வக்கீல்களும் நிறைந்த தேசத்தில் நடந்தது இது. ஆகவே, “பிறவி” என்கிற வார்த்தை புகழ்ச்சியாக வந்தாலும் சரி, இகழ்ச்சியாக வந்தாலும் சரி, அதைக் கண்டால் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். அந்த வார்த்தையின் ருசி நம் வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நிற்க, பிரௌனுடைய பெருமையில் பெரிய பங்கு மைதானத்துக்கு வெளியே இருக்கிறது என்பது நம்முடைய அபிப்பிராயம்.

1966-ம் வருஷம் கோடைகாலத்தில் அவர் லண்டனில் ஒரு சினிமாப் படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். மழையால் படம் தாமதமாயிற்று. கோஷ்டியின் முதலாளியான ஆர்ட் மோடெல் என்பவர், பயிற்சி முகாமுக்கு வராத நாளுக்கெல்லாம் அபராதம் என்று அறிவித்தார். ஒன்பது வருஷம் ஒரு ஆட்டத்துக்கும் தவறாமல் வந்தவருக்கு, முந்தின வருஷந்தான் நாட்டிலேயே சிறந்தவர் என்று பரிசு வாங்கியவருக்கு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப்போல் அபராதம்! பிரௌன் கெஞ்சவில்லை, கோபித்துக் கூச்சலும் போடவில்லை. இருந்த இடத்திலிருந்தே, இனி ஆடுவதில்லை என்று சொல்லிவிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 30. காலில் பலம் இருக்கும்போதே, பெயர் உச்சியில் இருக்கும்போதே, தன் உடம்புக்குத் தானே எஜமானன் என்று காட்டிவிட்டுப் போனார். இன்னும் நாலு வருஷம் ஆடியிருந்தால் எத்தனை ஆயிரம் கெஜம் சேர்ந்திருக்கும் என்று அபிமானிகள் இன்றைக்கும் ஏங்குகிறார்கள். அந்தக் கெஜங்களைவிட அந்த ஒரு சொல் பெரிது என்கிறோம் நாம்.

அதே முதலாளி 1995-ல் என்ன செய்தார்? லாபம் போதவில்லை என்று கோஷ்டியையே பெயர்த்துப் பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்து, மறு வருஷம் கொண்டுபோயும் விட்டார். தலைமுறை தலைமுறையாகப் பனியிலும் குளிரிலும் நின்று கத்திய ஜனங்களைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1999-ல்தான் அந்த ஊருக்கு மறுபடியும் ஒரு கோஷ்டி வந்தது. முதலாளி நம்முடையவன், கோஷ்டி நம்முடையது என்று நம்பியிருந்த அபிமானிகளுக்கு, 30 வருஷத்துக்கு முன்னாலேயே பிரௌன் கண்ட உண்மை அன்றைக்குத்தான் புலப்பட்டது.

ஆட்டத்தை விட்ட அதே 1966-ல் அவர் நீக்ரோ தொழில் பொருளாதாரச் சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தினார். கறுப்பு இன மக்கள் சொந்தமாக வியாபாரமும் தொழிலும் நடத்த உதவி செய்வது அதன் நோக்கம். பிச்சை கேட்டு உரிமை வராது, கையில் காசும் தொழிலும் இருந்தால்தான் மற்றவன் மதிப்பான் என்பது அவருடைய கொள்கை.

1967-ல் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி வியட்நாம் யுத்தத்துக்குப் போக மறுத்தார். அவருடைய பட்டம் பறிக்கப்பட்டது, ஜெயில் காத்திருந்தது, தேசத்துரோகி என்று பத்திரிகைகள் தூற்றின. அந்தச் சமயத்தில் ஜூன் மாதம் 4-ந் தேதி கிளீவ்லாந்தில் பிரௌன் ஒரு கூட்டம் கூட்டினார். பில் ரஸ்ஸல், பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜப்பார் என்று பெயர் கொண்ட லூ அல்சிண்டர் முதலிய பெரிய ஆட்டக்காரர்களும், அந்த வருஷமே அந்நகர மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வக்கீல் கார்ல் ஸ்டோக்ஸும் வந்திருந்தார்கள். அவர்கள் வந்தவுடன் “அலி வாழ்க” என்று கோஷம் போடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்காகக் குறுக்குக்கேள்வி கேட்டார்கள். அவர் மனதார நம்பித்தான் மறுக்கிறார் என்று திருப்தியான பிறகே, பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆதரவு சொன்னார்கள். அலி சொன்ன காரணம் மதக் காரணம். அந்தக் காரணத்தில் நமக்கு ஒட்டில்லை. ஆனால், முதலில் கேள்வி, பிறகு ஆதரவு என்கிற அந்த முறை இருக்கிறதே, அது எல்லா மக்களும் கற்றுக்கொள்ள வேண்டிய முறை. அதே மாதத்தில் அலிக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1971-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

1988-ல் சிறைக்கைதிகளையும் தெருச்சண்டைக் கும்பல்களில் சேர்ந்த வாலிபர்களையும் திருத்த அமெர்-ஐ-கேன் என்ற பெயரால் ஒரு வேலையை ஆரம்பித்து நடத்தினார். அந்த வாலிபர்களைத் தம் வீட்டுக்கே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். இவையெல்லாம் அவர் கணக்கில் வரவு.

இனிப் பற்றுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பார்க்காமல் மூடிவிடுவது யோக்கியமல்ல.

பல வருஷங்களில் பல பெண்கள் பிரௌன் தங்களை அடித்தார், பலாத்காரம் செய்தார் என்று புகார் சொன்னார்கள். ஒன்றில் ஜூரிகள் அவரைக் குற்றவாளியல்ல என்றார்கள். ஒன்றில் புகாருக்குரிய பெண்ணே சாட்சி சொல்ல வரவில்லை. 1999-ல் மனைவியின் மோட்டார்க் காரை மண்வெட்டியால் அடித்து உடைத்ததற்காக அவர் தண்டிக்கப்பட்டார். கோர்ட்டார் சொன்ன திருந்தும் வகுப்புக்குப் போக மறுத்து, 2002-ல் சில மாதம் ஜெயிலில் இருந்தார். நிரூபிக்கப்படாததை நிரூபிக்கப்பட்டதென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் இத்தனை பெண்கள் இத்தனை வருஷமாகச் சொன்ன சொல்லைக் காற்றில் விடவும் மாட்டோம்.

இந்த இடத்தில் அபிமானிகள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். “செத்தவரைக் குறை சொல்லலாமா? பாவமல்லவா?” என்கிறது ஒரு கட்சி. “இப்படிப்பட்டவருக்குச் சிலை எதற்கு, பேர் எதற்கு? எல்லாவற்றையும் அழித்துவிடு” என்கிறது மற்றொரு கட்சி.

முதல் கட்சியாரைக் கேட்கிறோம்: செத்தவருக்குக் காது உண்டா? அவர் மனம் நோகப் போகிறதா? அடிபட்ட பெண்ணுக்குத்தானே காது இருக்கிறது, மனமும் இருக்கிறது? அவள் உயிரோடு இருந்து, தன்னை அடித்தவரைத் தேசமே தெய்வமாக்குவதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடியிருக்க வேண்டுமென்பது என்ன தர்மம்? பந்தைப் பிடித்துக்கொண்டு 11 ஆண்களை எதிர்த்து ஓடுகிற வீரத்துக்கும், வீட்டுக்குள்ளே ஒரு பெண்ணின்மேல் கை ஓங்குவதற்கும் என்ன சம்பந்தம்? முதலாளி தன்னை அடிமைபோல் நடத்தியதைப் பொறுக்காத மனிதர், மனைவியும் தன்னைப்போல் மானமுள்ள ஒரு உயிர் என்பதை மறந்தால், அவருடைய சுதந்திர உணர்ச்சியில் பாதி ஊனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கட்சியாருக்கும் ஒன்று சொல்லுகிறோம். ஒருவரைத் தெய்வமாக்கினவர்கள்தான் அவரிடத்தில் குற்றம் தெரிந்ததும் பேயாக்குவார்கள். மனிதனாகவே பார்க்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டமில்லை. கணக்குப் புஸ்தகத்தில் வரவை வரவென்றும் பற்றைப் பற்றென்றும் எழுத வேண்டும். பற்று இருக்கிறதென்று வரவை அடிப்பதும் பொய்க்கணக்கு. வரவு இருக்கிறதென்று பற்றை மறைப்பதும் பொய்க்கணக்கு. அல்லாமலும், ஒருவரிடம் பட்ட கடனுக்கு இன்னொருவருக்குக் கொடுத்ததை ஈடு காட்ட முடியாது. 12,312 கெஜமும் அலிக்குக் கொடுத்த ஆதரவும், அடிபட்டதாகச் சொன்ன பெண்ணுக்குச் செல்லுகிற காசல்ல.

அவருடைய அரசியலும் அப்படித்தான். 1967-ல் அலிக்குத் துணைநின்ற அதே மனிதர், கடைசிக் காலத்தில், தேசிய கீதம் பாடும்போது மண்டியிட்டுப் போலீஸ் கொடுமையைக் கண்டித்த வாலிப ஆட்டக்காரர்களின் முறையை ஒப்பவில்லை. இதைக்கண்டு அபிமானிகளில் பலர் மனம் ஒடிந்தார்கள். ஏன் ஒடிய வேண்டும்? ஒரு காலத்தில் சரியாகச் சொன்னவர் எக்காலத்திலும் சரியாகவே சொல்லுவார் என்று யார் ஜாமீன் கொடுத்தது? அவரை நம்பி அலியை ஆதரித்தவன் ஏமாந்தான். காரணத்தை நம்பி ஆதரித்தவனுக்கு ஏமாற்றமில்லை.

கிளீவ்லாந்து மைதானத்துக்கு வெளியே 2016-ல் பிரௌனுக்குச் சிலை வைத்தார்கள். 2023-ம் வருஷ ஆரம்பத்தில், அவர் உயிரோடிருக்கும்போதே, வருஷத்தில் அதிக கெஜம் ஓடுகிறவருக்குக் கொடுக்கும் விருதுக்கு அவர் பேரை வைத்தார்கள். வைக்கட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் அவர் முடிவெய்திய அந்த வருஷத்திலும், ஆட்டக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கறுப்பு இனத்தவராயிருக்க, 32 கோஷ்டிகளில் ஒன்றுக்காவது கறுப்பு இனத்தவர் பெரும்பங்கு முதலாளியாக இல்லை. ஓடுவதற்கு ஒரு நிறம், லாபம் எண்ணுவதற்கு ஒரு நிறம் என்ற ஏற்பாடு அப்படியே இருக்கிறது. ஓடுகிறவனுடைய பேரை விருதுக்கு வைப்பது சுலபம். கல்லாப் பெட்டியின் பக்கத்தில் அவனுக்கு ஒரு நாற்காலி போடுவதல்லவா கஷ்டம்?

ஆகவே அபிமானிகளுக்கு நாம் சொல்லுவது இதுதான். அழுங்கள், அன்பிருந்தால் அழுகை வருவது இயற்கை. பேரப்பிள்ளைகளுக்கு அவர் ஓடின ஓட்டத்தைச் சொல்லுங்கள், எண்களையும் சொல்லுங்கள். 30 வயதில் முதலாளிக்குச் சொன்ன பதிலையும் சொல்லுங்கள். அலியிடம் முதலில் கேள்வி கேட்டதைச் சொல்லுங்கள். அந்தப் பெண்களின் புகாரையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பேரப்பிள்ளை, “அப்படியானால் அவர் நல்லவரா, கெட்டவரா?” என்று கேட்டால், “அவர் மனிதர், நல்லதில் நீ அவரைத் தாண்ட வேண்டும், கெட்டதில் அவர் போன வழிக்கே போகக்கூடாது” என்று பதில் சொல்லுங்கள். தெய்வத்தை யாரும் தாண்ட முடியாது. அதனால் அதைக்கொண்டு யாருக்கும் உபயோகமில்லை. மனிதரைத் தாண்டலாம். பிரௌனுடைய கணக்கைப் பேட்டன் தாண்டினார், பேட்டனுடைய கணக்கை ஸ்மித் தாண்டினார். உலகம் முன்னேறுவது இந்த வழியாகத்தான்.